ஆறு விதமாக உறையும் கொழுப்பு

நேயர்களுக்கு வணக்கம். கையில் ஒரு சாக்லேட் துண்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாக்கில் வையுங்கள். கடிக்காமல் அப்படியே விடுங்கள். முதலில் கெட்டியாக, வழவழவென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓரம் இளகும். அப்புறம் மொத்தமும் பாகாகிவிடும். கவனித்துப் பார்த்தால் லேசான ஒரு குளிர்ச்சி கூடத் தெரியும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது உங்கள் நாக்கிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

இதில் உருகுவது எது? சர்க்கரையா? இல்லை. சர்க்கரை உமிழ்நீரில் கரைகிறது, உருகவில்லை. கசப்பு தருகிற கோகோ துகளும் உருகாது. உருகுவது கோகோ வெண்ணெய், அதாவது கோகோ விதையில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இருக்கும் கொழுப்பு. மற்றதெல்லாம் அந்தக் கொழுப்புக்குள் சிதறிக் கிடக்கும் நுண்ணிய பொடிகள். உருகுவது கொழுப்பு மட்டும். இதை இன்றைக்கு நான் நாலைந்து முறை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புச் சாக்லேட்டில் பெரும்பாலும் கோகோ வெண்ணெய் ஒன்றுதான் கொழுப்பு. அதனால் அது 34 டிகிரியை நெருங்கும் வரை விறைப்பாக நின்று, பிறகு சட்டென்று விட்டுக்கொடுக்கும். நம் உடம்பின் சூடு 37 டிகிரி என்பதால் வாய்க்குள் போனால் அது தப்பாது. பால் சாக்லேட்டில் பால் கொழுப்பும் கலந்திருக்கிறது. அது கோகோ வெண்ணெயை நெருக்கமாக அடுக்க விடாது. ஆகவே பால் சாக்லேட் மென்மையாக இருக்கும், சற்று முன்னதாகவே இளகிவிடும், விரலிலும் சீக்கிரம் ஒட்டும்.

அந்தப் பாலைச் சேர்ப்பதும் லேசில் முடிந்த காரியம் இல்லை. சுவிட்சர்லாந்தில் வெவே என்ற ஊரில் டேனியல் பீட்டர் 1875-ஆம் ஆண்டுவாக்கில் பால் சாக்லேட் செய்ய முயன்றபோது, அவரைப் பாடாய்ப் படுத்தியது பாலில் இருந்த தண்ணீர்தான். சாக்லேட்டுக்கும் தண்ணீருக்கும் அப்படி ஒரு பகை.

இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். அக்கா மகளின் பிறந்தநாள் கேக்குக்குச் சாக்லேட் உருக்கித் தருவதாக வாய் கொடுத்துவிட்டேன். கொதிக்கும் தண்ணீருக்கு மேல் கிண்ணத்தை வைத்தேன். அதுவரை சரி. பிறகு, எதைச் சமைத்தாலும் மூடி வைக்கிற பழக்கத்தில், அதன் மேலும் ஒரு மூடியைப் போட்டுவிட்டேன். சீக்கிரம் உருகட்டும் என்ற நல்லெண்ணம்! திறந்தபோது மூடியின் அடியில் கோத்திருந்த நீராவி நாலு சொட்டாகச் சாக்லேட்டுக்குள் விழுந்தது. கிளறினேன். பளபளவென்று இருந்த பாகு கண்ணெதிரே இறுகியது. "என்ன மாமா, ஈர மணல் மாதிரி ஆயிடுச்சே?" என்றாள். சூடு போதவில்லை போலிருக்கிறது என்று தீயைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. கடைசியில் அந்த வீட்டில் கருகல் வாசனைதான் மிஞ்சியது. அவளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது, இன்னும் மூடியைப் பார்த்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

நடந்தது என்ன தெரியுமா? ஈரக் கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விட்டால் கட்டி தட்டும் அல்லவா, அதேதான். கொழுப்புக்குள் உலர்ந்து மிதந்துகொண்டிருந்த சர்க்கரைத் துகள்கள் அந்த நாலு சொட்டு நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், சொட்டு நீர் கெடுக்கும், கரண்டி கரண்டியாகச் சூடான பாலை ஊற்றினால் தேறிவிடும். சர்க்கரை ஒட்டாமல் கரையும் அளவுக்கு நீர் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது குழம்பாகத்தான் இருக்கும், திரும்பக் கட்டியாகாது.

சரி, உருக்கியது போதும், உறைய வைப்போம். என் பிடித்தமான இடம் இதுதான். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையும். பொருள் ஒன்றே, அடுக்கும் விதம்தான் வேறு. ஒரு விதம் 17 டிகிரியிலேயே இளகிவிடும். நாலாவது 27 டிகிரியை ஒட்டி. ஐந்தாவது 34-ஐ ஒட்டி. ஒடித்தால் 'டக்' என்று சத்தம் வருகிற, பளபளப்பான சாக்லேட் இந்த ஐந்தாவதுதான். உருக்கிய சாக்லேட்டைச் சும்மா ஆற விட்டால் கீழ்ப்படிப் படிகங்கள் முந்திக்கொள்ளும். விளைவு, தொட்டால் பிசுபிசுக்கும் மந்தமான கட்டி. அதைத் தடுக்கத்தான் டெம்பரிங். கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27 அளவுக்கு ஆற்றி, மறுபடி 31, 32-க்கு ஏற்றுவார்கள். அந்தச் சூட்டில் கீழ்ப்படிகள் உருகிப்போகும், ஐந்தாவது மட்டும் நிற்கும். வீட்டில் இவ்வளவு வேண்டாம். உருக்கி, ஓரளவு ஆறியதும் உருக்காத நல்ல சாக்லேட் துருவலைக் கொஞ்சம் போட்டுக் கிளறுங்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போல, அதிலிருக்கும் ஐந்தாம் படிகம் மற்றதைத் தன் வழிக்குக் கொண்டுவரும்.

பையில் இளகி மறுபடி இறுகிய சாக்லேட்டில் வெள்ளைப் பூச்சு வருமே, அது பூஞ்சை இல்லை. தூக்கிப் போடாதீர்கள். விரலால் தேய்த்து வழுக்கிக்கொண்டு மறைந்தால், மேலே வந்து படிந்த கொழுப்பு. சொரசொரப்பாக நின்றால், ஈரம் பட்டுக் கரைந்து காய்ந்த சர்க்கரை. இரண்டையும் தின்னலாம்.

கடிகாரம் என்னை முறைக்கிறது. வெள்ளைச் சாக்லேட்டுக்குத் தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், போகட்டும். அதில் கோகோ துகள் கிடையாது, கோகோ வெண்ணெய் உண்டு. பால் அதிகம் என்பதால் சீக்கிரம் அடிப்பிடிக்கும், தீ குறைவாக இருக்கட்டும். டெம்பரிங் செய்யாமலே உறைகிற மலிவான 'காம்பவுண்ட்' வகையில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் செம்பனை விதை எண்ணெய் போன்ற வேறு கொழுப்பு இருக்கும். நாக்கில் மெழுகு போலத் தோன்றுவது அதனால்தான். நான் சொன்னேனே, உருகுவது கொழுப்பு மட்டும்.

வெயிலில் உருகாத சாக்லேட்டும் உண்டு. 1937-இல் அமெரிக்க ராணுவம் ஹெர்ஷி நிறுவனத்திடம் அப்படி ஒன்றைக் கேட்டது. ஓட்ஸ் மாவு சேர்த்துச் செய்தார்கள். வீரர்கள் ஆசைக்குத் தின்று தீர்த்துவிடக் கூடாது, சுவை வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும் என்பது ராணுவம் போட்ட நிபந்தனை. கேட்டபடியே கிடைத்தது, வீரர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. நன்றி, வணக்கம்.