ஆயிரம் ரூபா நோட்டு எட்டு: வீட்டு எஸ்யூவியைக் காட்டு வண்டியாக்கும் கதை

[திரையில்: மழை விட்ட காலை. சுசுகி கிராண்ட் விட்டாரா ஒன்றின் முன்சில்லு, மிக அருகிலிருந்து.]

இந்த வண்டியில் இரண்டு பேர் ஏறினால் மொத்தம் சுமார் 1,700 கிலோ. இவ்வளவு பாரமும் தரையில் எத்தனை இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது தெரியுமா? ஆயிரம் ரூபா நோட்டு எட்டு. ஒரு சில்லுக்கு இரண்டு நோட்டு, அவ்வளவுதான். இந்த எட்டைப் பதினாறாக்கத் தெரிந்தால், லட்சக்கணக்கில் செலவழித்து உயர்த்திய ஜீப் புதைந்து நிற்கும் பல இடங்களில் உங்கள் வீட்டு வண்டி ஏறிப் போய்விடும். அந்த வித்தைக்கு ஒரு சதமும் செலவில்லை. வீடியோ முடிவதற்குள் கையில் தந்துவிடுகிறேன்.

வணக்கம்! கொழும்பில் இருந்துகொண்டு, திங்கள் காலை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும் அதே வண்டியில் சனிக்கிழமை மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வீடியோ.

வரலாறு ஒரே மூச்சில்: இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் ஜீப், 1948இல் லேண்ட் ரோவர், பிறகு அதே லேண்ட் ரோவர் நம் தேயிலைத் தோட்டங்களின் கல் றோட்டுகளில். முடிந்தது. நமக்கு முக்கியமானது அண்மைக் கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் ஐந்து வருடம், கையில் இருப்பதைத் தேற்றிக்கொள்ள ஊரே பழகிவிட்டது. என் வண்டியும் அந்தக் காலத்தில்தான் உருமாறத் தொடங்கியது.

ஏன் கிராண்ட் விட்டாரா? 2005இல் வந்த அந்தத் தலைமுறையில், பார்க்க நகரத்து வண்டி போல இருந்தாலும், உடம்புக்குள் சட்டகம் இருக்கிறது. பெரும்பாலான 4x4 வகைகளில், குமிழைத் திருப்பினால் நடு டிஃப் (முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) பூட்டிக்கொள்ளும், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கும் குறைந்த கியருக்கும் இறங்கும். குறைந்த கியர் இல்லாத வண்டியில் என்ன மாட்டினாலும் செங்குத்தான கல் ஏற்றத்தில் கிளட்ச் வாசம்தான் வரும். குறைந்த கியர் இல்லாத ஹொண்டா வெசல் வைத்திருக்கும் நண்பர்களே, நல்ல கிரவல் றோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலும் போய்ப் பார்க்க எவ்வளவோ இடம் இருக்கிறது.

சரி, முதல் செலவு டயர். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனால், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், கூரைக்கு விளக்கு, முன்னுக்கு இரும்பு பம்பர் என்று எல்லாம் கண்ணைப் பறிக்கும். பார்த்துவிட்டு டயர் கடைக்கு நடங்கள். பெரிய பெரிய கட்டையுள்ள மட் டயர் காட்டில் ராஜா. ஆனால் மழையில் நனைந்த கொழும்பு–காலி வீதியில் பிரேக் அடித்தால் தார் மீது அதற்குப் பிடி குறைவு, வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கும். வாரத்தில் ஐந்து நாள் காலி வீதிதானே நமக்கு? அதனால் தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் டயர் போதும் என்பது என் முடிவு. 225/70 அளவைக் கழற்றி 235/70 போட்டேன். றிம் அதே 16 அங்குலம். வண்டி தரையிலிருந்து உயர்ந்தது வெறும் 7 மில்லிமீற்றர். அந்த 7 மில்லிமீற்றருக்காக நான் டயர் மாற்றவில்லை. தடித்த பக்கச்சுவருக்காகவும் சேற்றைக் கடிக்கும் தடத்துக்காகவும் மாற்றினேன்.

[திரையில்: டயரின் பக்கத்தில் விரல். நான்கு இலக்கம்.]

வாங்கும்போது இந்த நான்கு இலக்கத்தைத் தடவிப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பளபளவென்று கறுப்பு பூசியிருந்தாலும் இந்த இலக்கம் பொய் சொல்லாது.

இப்போது எட்டு நோட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

டயர் கடையில் "எவ்வளவு அடிக்க?" என்று கேட்பார்கள், நாம் "முப்பது" என்போம். எது முப்பது? பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்ற கணக்கு. அதே இறாத்தல்தான், பாண் வாங்கும் இறாத்தல். தபால் முத்திரை அளவான ஒரு துண்டுத் தரையின் மேல் முப்பது இறாத்தல் பாணை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு அழுத்துமோ, உங்கள் டயர் தரையை ஏறத்தாழ அவ்வளவு அழுத்துகிறது. 1,700 கிலோவை இந்த அழுத்தத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 800 சதுர சென்டிமீற்றர் வரும். ஆயிரம் ரூபா நோட்டு ஒன்று ஏறக்குறைய 100 சதுர சென்டிமீற்றர். எட்டு நோட்டு வந்துவிட்டதா?

இனி காற்றை 15க்கு இறக்குங்கள். பாரம் அதேதான், அழுத்தம் பாதி. அப்படியென்றால் தொடும் இடம் இரட்டிப்பாக வேண்டும். பதினாறு நோட்டு! டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்குவதால் கணக்கு இம்மி பிசகாமல் வராது, ஆனால் சேற்றில் கண்ணால் பார்க்கும் வித்தியாசம் இதுதான். தடம் அகலத்தில் கூடுவதைவிட நீளத்தில்தான் அதிகம் கூடும். டயர் கம்பளிப்பூச்சி போல நீண்டு படுத்து, கல்லின் மேல் ஏறும்போது கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும். வண்டிக்குள் இருக்கும் உங்கள் முதுகும் நன்றி சொல்லும்.

உடவளவைப் பக்கம் போனால் ஈரமண்ணில் யானைத் தடத்தைக் குனிந்து பாருங்கள். அத்தனை பெரிய உடம்பு, தடமோ அவ்வளவு ஆழமில்லை. யானையின் குதிகாலுக்குள் கொழுப்பும் நாரும் சேர்ந்த ஒரு மெத்தை இருக்கிறது. பாரம் விழும்போது பாதம் விரியும், தூக்கும்போது சுருங்கும். நாம் காற்றை இறக்கிச் செய்வதைத்தான் அது ஒவ்வோர் அடிக்கும் செய்துகொண்டு போகிறது!

இரண்டு எச்சரிக்கை. காற்று குறைந்த டயரில் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீர்கள், சடாரென்று திருப்பாதீர்கள், டயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். தாருக்கு ஏறும் முன் மறுபடி 30க்கு அடித்தே ஆக வேண்டும். அதற்கு பற்றரியில் நேராகக் கவ்வும் 12 வோல்ட் கொம்ப்ரெசர் ஒன்று வாங்குங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்னது திணறும், சிலவேளை பியூஸையும் எரித்துவிடும்.

லிஃப்ட்? ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் இந்த வண்டியின் அச்சுகள் சாய்ந்து ஓடி, அவற்றின் மூட்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறைகளைக் கிழித்துவிடக்கூடும். அடுத்தது.

அடுத்தது யாரும் காட்டாத விஷயம். ஒரு தடவை ஓடை ஒன்றைக் கடந்து வந்த பிறகு, பின் அச்சின் டிஃபில் ஒயில் வடிக்கும் நட்டைக் கழற்றினேன். பொன்னிறமாக வடிய வேண்டிய ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. தட்டில் விரலால் தொட்டால் நுரை. ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை, எப்படி உள்ளே போனது? ஓடிச் சூடான டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும், சுருங்கும்போது எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே இழுக்கும். டிஃப் மூச்சு விடும் சின்னத் துளை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அது தண்ணீரை இழுக்கிறது. மருந்து மிக எளிது: அந்தத் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி போனட்டுக்கு அடியில் உயரமாகக் கட்டிவிட வேண்டும். என்ஜினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்று எடுக்கும் பளபளக்கும் ஸ்நோர்க்கல் குழாயை மாட்டிவிட்டு இதை மறந்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். ஸ்நோர்க்கல் என்ஜினைக் காக்கும், டிஃபை அது காக்காது. 2016 மே வெள்ளம் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் எவ்வளவு உயரம் நின்றது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். இது காட்டுக்கு மட்டும் வேண்டிய வேலை இல்லை.

கல்லில் இடிபடாமல் வண்டியின் வயிற்றுக்கு ஒரு இரும்புத் தகடு வேண்டும், 4 மில்லிமீற்றர். கிராண்ட்பாஸில் எனக்கு அடித்துத் தந்த வெல்டிங் பாஸ் தகட்டை வெட்டும் முன் ஒரு விரலால் நட்டைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, ஒயில் நட்டுக்கு நேரே ஓட்டை விடாம அடிச்சா, ஒவ்வொரு சேர்விஸுக்கும் தகட்டைக் கழட்டணும். சேறு வடியவும் ரெண்டு ஓட்டை வேணும்." கடையில் வாங்கும் தகட்டில் இந்த யோசனை சேர்ந்து வருவதில்லை.

இழுவைக் கொக்கி பற்றி விளையாடாமல் சொல்கிறேன். புதைந்த வண்டியை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் வார் கட்டி இழுக்கவே கூடாது. அது முறிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சட்டகத்தில் போல்ட் அடித்த, தாங்கும் எடை பொறித்த கொக்கி இரண்டு போடுங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இழுக்கும்போது வாரின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நில்லுங்கள்.

சட்டம்: வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கூடுதல் விளக்கு, பம்பர் எல்லாம் பொலிஸார் கண்ணில் படும். டயர், காற்று, குழாய், தகடு என்று நான் சொன்ன வரிசையின் அழகு, வெளியே பார்த்தால் வீட்டு வண்டியாகவே தெரிவது.

[திரையில்: நக்கிள்ஸ். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி மீமுரே போகும் வழி. மூடுபனி.]

இங்கே நின்றுதான் காற்றை இறக்குவேன். சில்லுக்கு ஒன்றரை நிமிடம், ஸ்ஸ்ஸ் என்ற சத்தம், பக்கத்துத் தேயிலையில் நனைந்த மண் வாசம். ஒரு வேண்டுகோள்: நக்கிள்ஸ் பாதுகாக்கப்பட்ட வனம். இருக்கும் தடத்தை விட்டு ஒரு சில்லுகூட இறங்க வேண்டாம்.

உங்கள் வண்டியின் பெயர், எடை, இப்போது அடித்திருக்கும் காற்று, இந்த மூன்றையும் கமென்ட்டில் போடுங்கள். நீங்கள் எத்தனை நோட்டின் மேல் நிற்கிறீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.