அம்பலம் ஏறிய வழக்கறிஞர்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் தந்த பெரியவர் அவர்களே, அன்பு மிகுந்த வரவேற்புரை நல்கிய வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, எனக்கு எழுத்தறிவித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியை அம்மா அவர்களே, வேலை முடிந்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நாம் ‘தந்தை’ என்று அழைக்கும், ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் சிவராஜைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அவர் சட்டம் கற்பித்தது, சென்னைக்கு மேயரானது, நாடாளுமன்றம் சென்றது.

‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பார்கள். அந்தச் சொல்லை அம்பலம் ஏற்றியவர் அவர். 1892இல் பிறந்தார். வழக்கறிஞரானார். உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த சட்டக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1942இல் நாகபுரியில் அம்பேத்கர் முன்னிலையில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவரானார். 1945இல் மேயர். 1957இல் செங்கற்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவை உறுப்பினர்.

சட்டம் தெரிந்த ஒருவர் தெருவுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினோரு வயது. வியாசர்பாடிக் கால்வாய்க் கரையில் எங்கள் தெருவைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழு நாள் கெடு. ஒரு மாலை, இளம் வழக்கறிஞர் ஒருவர் சைக்கிளில் வந்தார். “இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்பதற்குக் காகிதம் இருக்கிறதா அம்மா?” என்று வீடுவீடாகக் கேட்டார். என் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். முந்தின வாரத்து மழையில் கூரை ஒழுகி, மின்சார ரசீதுகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அம்மா அழுதுவிட்டார். தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன், “இப்படிக் கொடு அக்கா” என்று வாங்கினார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். மேலே பழைய வேட்டியை விரித்தார். கரிப்பெட்டியின் சூடு தணியும்வரை காத்திருந்து மெல்ல அழுத்தினார். மை கலங்கியிருந்தது, ஆனால் தேதி தெரிந்தது! சற்று நேரத்தில் தெருவே ஈரக் காகிதங்களோடு அந்த வண்டிமுன் வரிசையில் நின்றது. இரவு பத்தரை வரை, பெட்டிக்கடை விளக்கில் வழக்கறிஞர் ஒவ்வொரு தேதியையும் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆறாம் நாள் தடையாணை வந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறியது.

அப்படியொரு வழக்கறிஞர் இனி நம் தெருவிலிருந்து எப்படி வருவார்? சிவராஜ் பாடம் நடத்திய கல்லூரி பாரிமுனையில் இருந்தது. நம் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போனார்கள். 2018இல் அதை நகருக்கு வெளியே, புதுப்பாக்கத்துக்கும் பட்டறைபெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். மாலையில் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் கொடுங்கையூர்ப் பெண், காசிமேட்டுப் பையன் அவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியுமா? வடசென்னைக்கு ஓர் அரசுச் சட்டக் கல்லூரி வேண்டும். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்ற பழமொழியை நம் பேரப்பிள்ளைகளும் சொல்லிக்கொண்டிருக்க விடமாட்டோம்.

சிவராஜ் மேயராக இருந்த காலத்தை விரிவாகச் சொல்ல நேரம் போதவில்லை. தலைவர் மணி அடிக்கிறார். வாசலில் மேசைமேல் சட்டக் கல்லூரி கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் தெளிவாக எழுதிவிட்டுப் போங்கள்.