மெதுவாக எழு, சீக்கிரம் ஓடு

நேயர்களுக்கு வணக்கம்.

பேச வரச்சொல்லி வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது நான் முதலில் கேட்டது, ஒலிப்பதிவு அறைக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்றுதான். அடுத்தது, நின்றுகொண்டே பேசலாமா என்று. இரண்டுக்கும் சரி என்றார்கள், வந்துவிட்டேன். இப்போதும் நின்றபடிதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

நான் அரசுப் பேருந்தில் 21 வருஷம் நடத்துநராக இருந்தவன். அதிக நாள் ஓடியது மதுரை ஆரப்பாளையம் - தேனி தடத்தில். செக்கானூரணியில் எந்தக் கழிப்பறையில் தண்ணீர் வரும், உசிலம்பட்டியில் எந்த டீக்கடைக்காரர் "பின்னாடி போங்கண்ணே" என்பார் என்பதெல்லாம் எனக்கு டிக்கெட் விலை மாதிரி மனப்பாடம். உசிலம்பட்டியை விட்டால் கணவாய் ஏறி இறங்கி ஆண்டிபட்டி வரும் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தூரத்துக்குப் பயந்தே காலையில் வெறும் வயிற்றோடு வண்டி ஏறுவேன். வழியில் வண்டியை நிறுத்தச்சொல்லி இறங்கி ஓடினால் பயணிகள் விடுவார்களா? "கண்டக்டருக்கே அவசரமாம்" என்று ஒரு சிரிப்பு பின்னாலேயே வரும்.

எனக்கு இருப்பது கிரோன் நோய். குடலில் புண்ணும் வீக்கமுமாக வரும், அடங்கும், திரும்ப வரும். எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில். முதலில் குடல் காசநோய் என்றார்கள். நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதுதான், இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிப்பது சுலபமில்லை. 6 மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டேன். சிறுநீர் செம்மண் தண்ணீர் மாதிரி போனதுதான் மிச்சம், புண் ஆறவில்லை. அதற்கப்புறம்தான் சரியான பேர் தெரிந்தது.

முதுகு அதற்குப் பல வருஷம் கழித்து மக்கர் செய்தது. இடது பிட்டத்திலிருந்து கட்டைவிரல் வரைக்கும் கரண்ட் இழுத்த மாதிரி ஒரு வலி. குடல்நோய்க்காரர்களுக்கு இடுப்பு மூட்டில் வாதம் வருவதுண்டு, அதுவாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். அந்த வலி காலையில் இறுக்கமாக இருந்து நடக்க நடக்க இளகுமாம். என்னுடையது நேர்மாறு. உட்கார்ந்தால், குனிந்தால், இருமினால் உயிர் போகும். பாதம் மரத்துப்போனதிலும் ஒரு குழப்பம். பி12 சத்தைக் குடல் இழுத்துக்கொள்வது சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதியில்தான். எனக்கு அங்கேதான் புண். அதனால் பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும். ஆனால் அப்படியென்றால் பெரும்பாலும் இரண்டு பாதமும் சேர்ந்து மரக்கும். எனக்கோ இடது பக்கம் மட்டும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். இடுப்பில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது.

படுக்கையில் கிடந்தபோது படித்தது ஒன்று. குடலின் இந்த நோயைப் பற்றி நியூயார்க்கில் கிரோனும் இன்னும் இரண்டு மருத்துவர்களும் எழுதியது 1932இல். ஜவ்வு பிதுங்கினால் கால்வலி வரும், அறுவை செய்தால் தீரும் என்று பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு பேர் எழுதியது 1934இல். இரண்டே வருஷ இடைவெளி. என்னைத் தேடி இரண்டும் ஒரே வண்டியில்தான் கிளம்பியிருக்கின்றன போல.

அந்த ஜவ்வுக்காக எனக்கு நடந்த முதுகு அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் நடந்ததுதான் முக்கியம். குடலுக்காக வருஷக்கணக்கில் விட்டு விட்டு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவன் நான். அதை நீண்ட நாள் சாப்பிட்டால், உடம்பு தானே சுரக்கவேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்துவிடும். அறுவை நேரத்தில் அது போதாமல் ரத்த அழுத்தம் விழலாம். அதை மயக்க மருத்துவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஈடுகட்ட வேண்டும். முதுகு மருத்துவரும் வயிற்று மருத்துவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. நடுவில் சீட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆள் நான்தான். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக எழுதிவைத்தேன்: கிரோன் நோய், ஸ்டீராய்டு சாப்பிட்டவர், டைக்ளோஃபெனாக் போடக்கூடாது.

அந்தச் சிவப்பு மைதான் காப்பாற்றியது. முதல் ராத்திரி செவிலியர் ஊசியோடு வந்தார். "என்ன ஊசிம்மா?" என்றேன். வழக்கமான வலி ஊசிதான், டைக்ளோஃபெனாக். அந்த வகை மருந்துகள் அடங்கிக் கிடக்கும் குடலைக் கிளறிவிடலாம். ஃபைலைக் காட்டினேன். படித்துவிட்டு, பணியிலிருந்த மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டு, பாராசிட்டமால் ஏற்றினார். அதிலும் அடங்காத வலிக்கு டிரமடால். அது குடலை மந்தமாக்கும் மருந்து. மூன்று நாள் பூட்டு, நாலாம் நாள் மடை திறந்தது. முதுகு ஆபரேஷன் ஆனவர்கள் முக்கக்கூடாது என்று எல்லாருக்கும் மலம் இளக்கும் சிரப் கொடுக்கிறார்கள். எனக்கும் ஒரு பாட்டில் வந்தது. பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் உண்மையான கூத்து. முதுகு அறுத்தவன் படுக்கையிலிருந்து சட்டென்று எழக்கூடாது. முழங்காலை மடக்க வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாக, உருட்டிவிட்ட மரக்கட்டை மாதிரி பக்கவாட்டில் திரும்ப வேண்டும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். அதே சமயம் முழங்கையை ஊன்றி மேலே வர வேண்டும். ஒரு நிமிஷம் உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்றால் எழலாம். முதுகு சொல்வது: மெதுவாக. குடல் சொல்வது: இப்பவே. முதல் வாரம் என் மனைவி செல்போனில் நேரம் பார்த்தாள். படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு 3 நிமிஷம். என் குடல் கொடுக்கும் தவணை ஒரு நிமிஷம்கூட இல்லை.

அப்புறம் வீட்டையே மாற்றினோம். கட்டில் கூடத்துக்கு வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த கம்மோடு நாற்காலி, குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பல வாரம் போக முடியாது. கழுவுவதற்குத் திரும்பி வளையவும் கூடாது, அதற்குக் கைபிடி ஷவர். ராத்திரிக்குப் பெரியவர்களுக்கான டயாபர். அதை என்னிடம் கேட்காமலே வாங்கிவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள், கேட்டிருந்தால் வேண்டாமென்று சண்டை போட்டிருப்பேன். இடுப்பு பெல்ட் இன்னொரு வேடிக்கை. இறுக்கினால் முதுகுக்குச் சுகம், உப்பிய வயிற்றுக்கு நரகம். நடக்கும்போது மட்டும் போட்டால் போதும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எச்சரித்தார்: மலம், சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ உடனே வாங்க, நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டுப்பாடு போவது எனக்குத் தினசரி நடப்பதாயிற்றே, எதை வைத்துக் கண்டுபிடிப்பது? உட்கார்ந்து பேசினோம். வருவது தெரிந்து அடக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் குடல். வந்ததே தெரியவில்லை, அல்லது சிறுநீர் கழிக்கவே முடியவில்லை, அல்லது தொட்டால் உணர்வில்லை என்றால் முதுகு. அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, ராத்திரியோ பகலோ வண்டி பிடித்துப் போய்விட வேண்டும். இதை என் மனைவி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.

சாப்பாட்டுக் கதை தனி. எலும்பு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டதும் பெரியகுளத்திலிருந்து அக்கா தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப்போடு வந்து இறங்கியது. "எலும்பைத் தொடவேயில்லக்கா, ஜவ்வுதான்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்டா, குடி." இரண்டு பஸ் மாறி வந்த அக்காவிடம் என்ன சொல்வது? அரை டம்ளர் குடித்தேன். அந்த ராத்திரி மரக்கட்டை மாதிரி ஏழு முறை உருண்டேன். மற்றபடி குழைந்த சாதம், மோர், இட்லி, முட்டையின் வெள்ளைக்கருவில்தான் தேறினேன். பார்க்க வந்தவர்களின் ஆப்பிளும் திராட்சையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போனது.

பதினோராவது வாரம் மருத்துவர் அனுமதித்தார் என்று, ஆண்டிபட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போக ஆரப்பாளையத்தில் வண்டி ஏறினேன். பயணியாக. நடத்துநர் புதுப் பையன். "அண்ணே, சீட் இருக்கு, உட்காருங்க" என்றான். வேண்டாம் தம்பி என்று படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றேன். உசிலம்பட்டி நெருங்கும்போது வயிறு பேச ஆரம்பித்தது. கணவாய் கண் முன்னால் வந்து நின்றது. அவனிடம் குனியாமல், காதுக்குக் கிட்டே போய், "அஞ்சு நிமிஷம் ஆகும், என்னால ஓட முடியாது" என்றேன். அவன் எதுவும் கேட்கவில்லை.

பழைய டீக்கடையின் பின்பக்கம் போய்விட்டு, ஒவ்வொரு அடியாக வைத்துத் திரும்பி வந்தேன். வண்டிக்குள் இரண்டு மூன்று பேர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு காலையும் உள்ளே வைத்துக் கம்பியைப் பிடிக்கும் வரைக்கும் விசிலை வாய்க்குக் கொண்டுபோகவேயில்லை.

வணக்கம்.