டைக்கிரி: மூணே பொருள், ஒளிய இடமில்லை

[திரையின் கீழே எழுத்து: மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு]

[காட்சி: வெளியெல்லாம் பனித்த கண்ணாடிக் கோப்பை]

டைக்கிரின்னு சொன்னா நிறைய பேருக்கு, ஸ்ட்ராபெரி போட்டு மிக்ஸியில அடிச்சு, மேல காகிதக் குடை செருகின சிவப்பு ஜூஸ்தான் ஞாபகம் வரும். அது வேற. கியூபாவோட அசல் டைக்கிரி ஒரு மதுக் கலவை: கரும்புலேருந்து வடிக்கற ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, அப்புறம் ஐஸ். அவ்வளவுதான். ஒரு பார்காரர் கைப்பக்குவத்தைப் பாக்கணும்னா நான் முதல்ல கேக்கறது இதைத்தான். சாறு பழசா இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும், ஐஸ் போதலைன்னாலும் காட்டிக் கொடுத்துடும்.

[வரைபடம்: கியூபாவின் தென்கிழக்குக் கரை]

சாந்தியாகோ தெ கியூபா நகரத்துக்குப் பக்கத்துல, கடலோரமா ஒரு சின்ன ஊர். பேரே டைக்கிரி. அந்த வட்டாரத்துல இரும்புச் சுரங்கம். 1898 ஜூன்ல, ஸ்பெயின்கூட நடந்த போர்ல அமெரிக்கப் படை வந்து இறங்கின கரை இதுதான். அங்க ஜென்னிங்ஸ் காக்ஸ்னு ஒரு அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர். விருந்துல ஜின் தீந்துபோச்சாம், கையில கிடைச்ச ரம்மை எடுத்தாராம், டைக்கிரி பிறந்துச்சாம்.

பேரு பரவினதுல அவருக்குப் பங்கு உண்டு. கண்டுபிடிச்சதே அவர்தான்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கியூப விடுதலைப் போராளிகள் கரும்புச் சாராயத்துல தேனும் எலுமிச்சையும் கலந்து கான்சான்சரான்னு குடிச்சவங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1740ல, பிரிட்டிஷ் அட்மிரல் எட்வர்ட் வெர்னன் ஒரு உத்தரவு போட்டார். மாலுமிங்க ரம்மை அப்படியே குடிச்சுட்டுத் தள்ளாடுறாங்க, இனிமே ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி கலந்துதான் கொடுக்கணும்னு. வேணும்னா சர்க்கரையும் எலுமிச்சையும் வாங்கிச் சேத்துக்கலாம்னும் அதுல இருக்கு. கரும்பும் எலுமிச்சையும் ஒரே மண்ணுல விளையுற இடத்துல இதை யாரோ ஒருத்தர் வந்து கண்டுபிடிக்கணுமா என்ன?

[காட்சி: அளவுக் குவளை, அறுத்த எலுமிச்சை]

இப்போ கலக்கலாம். வெள்ளை ரம் 60 மில்லி. சர்க்கரைத் தண்ணி 15 மில்லி. சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணியும் சம அளவு, கரைஞ்சா போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சாறு 20 மில்லி. நம்ம சந்தையில கிடைக்கிற சின்ன உருண்டை எலுமிச்சை, வெளிநாட்டுல கீ லைம்னு விக்கற அதே இனம்தான். விதையில்லாத பெரிய பச்சை லைமைவிட புளிப்பு தூக்கல். அதனால 20லயே நிறுத்துங்க, பத்தலைன்னா அப்புறம் சொட்டு விடலாம். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டு தோலை நசுக்கினா கசப்பு இறங்கிடும்.

[காட்சி: ஷேக்கர் குலுங்குகிறது, ஐஸ் சத்தம்]

மூணையும் ஷேக்கர்ல, அதாவது மூடி போட்டுக் குலுக்கற குவளையில ஊத்தி, அது நிறைய ஐஸ் போடுங்க. பத்துப் பன்னண்டு விநாடி, தயங்காம வேகமா குலுக்குங்க. ‘ஐஸ் கரைஞ்சா நீத்துப் போயிடுமே’ன்னு பயந்து பாதியில நிறுத்தறவங்கதான் அதிகம். ஐஸ் கரையறப்பதான் சுத்தியிருக்கற சூட்டை இழுத்துக்குது. அது கரையாம குளிர்ச்சி வராது. அந்தத் தண்ணியும் சேந்துதான் இந்தக் கலவையோட கணக்கு. ஷேக்கர் வெளிப்பக்கம் பனி பூத்து, விரல் ஒட்டற மாதிரி ஆனா போதும். வடிகட்டி, குளிர வெச்ச கோப்பையில ஊத்துங்க.

[காட்சி: ஹவானா, எல் ஃப்ளோரிடீத்தா பார்]

இதை உலகப் புகழுக்குக் கொண்டுபோனவர் ஹவானாவுல எல் ஃப்ளோரிடீத்தா பாரை நடத்தின கான்ஸ்தாந்தினோ ரிபாலைகுவா. பொடி ஐஸோட அடிச்சு, பனிக்கூழ் மாதிரி கொடுத்தார். எழுத்தாளர் ஹெமிங்வே அங்க வாடிக்கை. அவருக்கு சர்க்கரை கூடாது, ரம் ரெட்டிப்பு. அவரோட வெண்கலச் சிலை இன்னும் அந்த கவுண்டர்லயே சாஞ்சு நிக்குது. சர்க்கரை இல்லாத அந்த வகை, என்னைக் கேட்டா, புகழ் அளவுக்கு ருசி இல்லை.

[காட்சி: வரிசையாக நான்கு கோப்பைகள்]

இதே மூணோட புதினாவும் சோடாவும் சேந்தா மொஹீத்தோ. 1944ல கலிஃபோர்னியாவுல விக்டர் பெர்ஜரன், பாதாம் சிரப்பும் ஆரஞ்சு மதுவும் சேத்து மை டாய் செஞ்சார். ரம்மோட அன்னாசியும் தேங்காய்க் கிரீமும் சேந்த பீன்யா கொலாடா போர்ட்டோ ரீக்கோவோடது. சுவைதான், ஆனா தேங்காய்க் கிரீமுக்கு அடியில எந்த ரம் கிடக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

நம்ம நாட்டுக் கறுப்பு ரம், ஓல்டு மாங்க்ல டைக்கிரி போடலாமா? போடலாம். அதுல வெண்ணிலா வாசனையும் இனிப்பும் முன்னாடி நிக்கும், அதனால சர்க்கரைத் தண்ணியை 10 மில்லியாக் குறைச்சுக்கோங்க.