முகவாய் இல்லாத தலைவரும் 300 பேட்ஜும்

வணக்கம் மக்களே. பழைய வண்ணாரப்பேட்டை, எங்கள் வீட்டு மாடி அறை. பின்னால் கேட்கிற சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் நேற்றிலிருந்து போர் போடுகிறார்கள், இன்னும் தண்ணீர் வந்தபாடில்லை. அதனால் நானும் கொஞ்சம் கத்தித்தான் பேசப்போகிறேன்.

மேசையில் இருக்கிறதே, இதுதான் என் பேட்ஜ் மெஷின். கைப்பிடியை இழுத்து அழுத்துகிற சின்ன பிரஸ். தகரத்தில் ஒரு மூடி, அதன் மேல் அச்சடித்த வட்டத் தாள், அதற்கும் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள். மூன்றையும் இந்தப் பள்ளத்தில் வைத்து ஒரு அழுத்து. அப்புறம் இதைத் திருப்பி, ஊசி வைத்த பின்பக்கத்தை அடுத்த பள்ளத்தில் போட்டு இன்னொரு அழுத்து. டக். தாளின் ஓரம் உள்ளே மடங்கித் தகரத்தோடு பூட்டிக்கொண்டது. பசை கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒரு தடவை பூட்டிவிட்டால் பேட்ஜை நாசம் பண்ணாமல் பிரிக்கவும் முடியாது.

அந்தக் கடைசி வரியை நான் 300 பேட்ஜ் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். போன வருடம் ஒரு சங்கத்தின் ஆண்டுவிழா ஆர்டர். 58 மில்லிமீட்டர் பேட்ஜுக்குத் தாளை ஏறக்குறைய 70 மில்லிமீட்டருக்கு வெட்ட வேண்டும். மீதி ஓரம் பின்னால் மடங்கிப் போய்விடும். இது தெரிந்திருந்தும், 70 முழுக்கப் படத்தை நிரப்பிவிட்டேன். ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து அடித்தேன். காலையில் வாங்க வந்த தம்பி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, தலைவருக்கு முகவாய் எங்கே?" என்றான். சுற்றி வளைத்து எழுதிய சங்கத்தின் பெயரும் பாதிக்கு மேல் பின்னால் போயிருந்தது. காசு போனது போனதுதான். மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

ஆனால் அன்றைக்குத்தான் பேட்ஜின் பின்பக்கத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். இந்த ஊசியை இப்படி வளைத்து விளிம்புக்குள் சொருகலாம் என்று யாருக்குத் தோன்றியது? அதைத் தேடப் போனேன், அமெரிக்கா வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சரி, அரசியல் பேட்ஜின் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவி ஏற்கிறார். அதற்காகப் பித்தளையிலும் செம்பிலும் பட்டன் வந்தது. நிஜமான சட்டைப் பட்டன், கோட்டில் தைத்துக்கொள்வது. நடுவில் அவர் பெயரின் இரண்டு முதல் எழுத்துகள், சுற்றி 'ஜனாதிபதி நீடூழி வாழ்க' என்கிற அர்த்தத்தில் ஒரு வரி. வாழ்க கோஷம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன், இல்லை போலிருக்கிறது. இதில் ஓட்டு கேட்கிற வேலை எதுவும் இல்லை. ஜெயித்தாகிவிட்டது, கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான். தவிர, பட்டனைத் தைக்கத் தையற்காரர் வேண்டும். நல்ல கோட்டு வைத்திருப்பவன்தான் போடுவான்.

1860-ல் லிங்கன் நிற்கும்போது முகமே வந்துவிடுகிறது. மெல்லிய இரும்புத் தகட்டில் பிடித்த போட்டோ, அதைச் சுற்றிப் பித்தளை வளையம். ஒரு பக்கம் லிங்கன், திருப்பினால் துணை ஜனாதிபதிக்கு நின்ற ஹனிபால் ஹாம்லின். மேலே ஒரு துளை இருக்கும், நாடாவைக் கோத்துக் கட்டிக்கொள்ளலாம். சொந்தக்காரர் முகத்தையே போட்டோவில் பார்ப்பது அபூர்வமாக இருந்த காலத்தில், வேட்பாளர் முகம் உங்கள் கோட்டில் தொங்குகிறது என்றால் யோசித்துப் பாருங்கள்.

இப்போது 1896-க்கு வருவோம், நான் தேடிப் போன ஊசி இங்கேதான் இருக்கிறது. நியூ ஜெர்சியில் நியூவார்க் என்று ஒரு ஊர், அங்கே ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் என்று ஒரு கம்பெனி. பட்டன் மேல் செல்லுலாய்டு என்கிற, கண்ணாடி மாதிரியான மெல்லிய தாளைப் போர்த்துகிற யோசனைக்கு பாஸ்டனைச் சேர்ந்த அமாண்டா லூஜி என்கிற பெண் காப்புரிமை வைத்திருந்தார், அதை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பிறகு, வில் மாதிரி விறைப்பான கம்பியை வளைத்துப் பின்பக்க விளிம்புக்குள்ளேயே சொருகி நிற்க வைக்கிற முறைக்கு 1896 ஜூலை 21 தேதியிட்ட காப்புரிமை. தகரம், தாள், மேலே ஒளி ஊடுருவுகிற தாள், பின்னால் கம்பி. இதோ என் மெஷினில் நான் அடிக்கிறதும் கிட்டத்தட்ட அதேதான். செல்லுலாய்டு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வந்திருக்கிறது. நல்லதுதான், செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பிடிக்கும்.

அந்த வருடமே அங்கே தேர்தல். மெக்கின்லி ஒரு பக்கம், பிரையன் ஒரு பக்கம். சண்டை தங்கத்துக்கும் வெள்ளிக்கும். நாணயத்துக்குத் தங்கம் மட்டும் ஆதாரம் என்பது மெக்கின்லி கட்சி. வெள்ளியையும் சேர்க்க வேண்டும், 16 பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்று கணக்கு வைக்க வேண்டும் என்பது பிரையன் கட்சி. தங்கசாலைத் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, நாங்கள் இதைத் தினமும் கடையில் பேசுகிறோம். மெக்கின்லி ஆட்கள் தங்க நிறத்தில் வண்டு பின் குத்திக்கொண்டார்கள், பிரையன் ஆட்கள் வெள்ளி வண்டு. நம்ம நியூவார்க் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? இரண்டு பேருக்கும் பட்டன் அடித்துக் கொடுத்தது. அங்கே மாநிலங்கள் தேர்ந்தெடுக்கிற தேர்வாளர்களின் வாக்கில்தான் ஜனாதிபதி ஜெயிக்க வேண்டும். மெக்கின்லிக்கு 271 தேர்வாளர் வாக்கு, பிரையனுக்கு 176. கம்பெனிக்கு இரண்டு பக்கமும் லாபம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பேட்ஜ் புதிதில்லை. வில்லைச் சேவகன் என்று பழைய வார்த்தை ஒன்று உண்டு. மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்டு, அதில் பித்தளை வில்லை மாட்டிய சேவகன். சென்ட்ரலுக்குப் போனால் போர்ட்டர் அண்ணன்களின் கையில் இன்றைக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லையைப் பார்க்கலாம். அது, நீ யாருடைய ஆள் என்று ஊருக்குச் சொல்வதற்காக மேலே இருக்கிறவன் கொடுத்து மாட்டச் சொல்வது. இந்த ஊசிப் பட்டன் வந்தபின் ஆள் தானே எடுத்துக் குத்திக்கொள்கிறான். சாயங்காலம் மனசு மாறினால் கழற்றியும் போடலாம். தைத்த பட்டனில் அது முடியாது, வில்லையில் முடியவே முடியாது. அதனால்தான் எனக்கு முன்பக்கத்துப் படத்தைவிடப் பின்பக்கத்து ஊசி பெரிதாகத் தெரிகிறது.

லண்டனில் பெண்கள் ஓட்டுரிமைக்குப் போராடி ஹாலோவே சிறைக்குப் போனார்கள். அப்போது சிறை உடையில் அம்புக்குறி அடித்திருப்பார்கள், கைதி என்று காட்ட. அந்தப் போராட்டத்தில் இருந்த சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் 1909-ல் ஒரு பின் வரைந்தார். பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சின்னமான கம்பிக் கதவு வடிவம், அதன் மேல் அதே அம்புக்குறி, ஆனால் ஊதா, வெள்ளை, பச்சையில். அது அவர்கள் இயக்கத்தின் நிறம். உள்ளே போய்விட்டு வந்த பெண்களுக்கு அதைக் கொடுத்தார்கள். சர்க்கார் அவமானத்துக்குக் கொடுத்த அடையாளத்தை எடுத்து நகை மாதிரி குத்திக்கொண்டார்கள். நான் பார்த்ததிலேயே ரொம்பத் திமிரான பேட்ஜ் இதுதான், திமிர் என்று நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, மண்பாண்டம் செய்கிற நம்ம கொசப்பேட்டைக்காரர்கள் ரசிப்பார்கள். 1958-ல் அணுகுண்டு வேண்டாம் என்று லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தார்கள். வட்டத்துக்குள் மூன்று கோடு போட்ட அமைதிச் சின்னத்தை ஜெரால்ட் ஹோல்டம் வரைந்தது அதற்காகத்தான். அதன் முதல் பேட்ஜ்களைத் தகரத்தில் செய்யவில்லை, களிமண்ணில் செய்து சூளையில் சுட்டார்கள். காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? அணுகுண்டு போட்டால் மனிதன் செய்த பொருட்களில் மிஞ்சப்போகிற கொஞ்சத்தில் இந்தச் சுட்ட மண்ணும் ஒன்றாக இருக்கும் என்று. கேட்டால் வயிற்றைப் பிசைகிறது இல்லையா.

வாசகம் என்று வந்தால் 1952-ல் அமெரிக்க ஜனாதிபதிக்கு நின்ற ஐசன்ஹோவரின் பேட்ஜை மிஞ்ச ஆளில்லை. அவருடைய செல்லப்பெயர் ஐக். பேட்ஜில் மூன்றே வார்த்தை: ஐ லைக் ஐக். எதுகையும் இருக்கிறது, மோனையும் இருக்கிறது. அதற்கு முன் 1940-ல் வெண்டல் வில்கி ஆட்கள், ஏற்கெனவே இரண்டு தடவை ஜெயித்திருந்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எதிர்த்து விதவிதமாக அடித்தார்கள். மூன்றாவது தடவை வேண்டாம் என்று ஒன்று, அவர் மனைவி எலினாரும் வேண்டாம் என்று இன்னொன்று. வீட்டம்மாவை எதற்கய்யா இழுக்கிறீர்கள்? கடைசியில் தேர்வாளர் வாக்கில் 449-க்கு 82 என்று ரூஸ்வெல்ட்தான் ஜெயித்தார். பேட்ஜ் நிறைய அடித்தால் ஓட்டு விழாது, இதை என்னிடம் ஆர்டர் கொடுக்கிறவர்கள் கேட்காத மாதிரி சொல்லிக்கொள்கிறேன்.

அதே ரூஸ்வெல்ட் 1920-ல் துணை ஜனாதிபதிக்கு நின்று தோற்றவர். ஜனாதிபதிக்கு நின்றவர் காக்ஸ். இரண்டு பேர் முகமும் சேர்ந்த பேட்ஜ் இப்போது சேகரிப்பவர்கள் உயிரை விடுகிற சரக்கு, பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. கையில் காசு இல்லாமல் கொஞ்சமாக அடித்ததுதான் இன்றைக்கு விலை.

இரண்டு முகம் என்றதும் ஞாபகம் வருகிறது. எனக்கு வருகிற டிசைன்களைப் பார்க்க வேண்டுமே! 58 மில்லிமீட்டருக்குள் மேலே மறைந்த தலைவர்கள் வரிசையாக, நடுவில் இப்போதைய தலைவர், கீழே மாவட்டம், பகுதி, வட்டம், அப்புறம் காசு கொடுத்தவர், அவர் மகன். ஒருமுறை எண்ணினேன், 14 தலை. போஸ்டருக்குச் செய்த டிசைனை அப்படியே சுருக்கி அனுப்பிவிடுகிறார்கள். "தம்பி, மிளகு சைஸில் இருக்கும்பா" என்றால், "பரவாயில்லைக்கா, பேர் விட்டுப்போனால்தான் பிரச்சினை" என்கிறான்.

நம்ம பக்கம் பேட்ஜ் அந்த அளவுக்குப் பெரிதாக வளராததற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. நமக்குச் சின்னம் இருக்கிறது. 1951 கணக்கெடுப்பில் நாட்டில் எழுத்தறிவு 18 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அதனால் முதல் பொதுத்தேர்தலிலேயே ஓட்டுக்குச் சின்னம் வந்துவிட்டது. சின்னத்தை எங்கே வேண்டுமானாலும் வரையலாம். சுவரில் வரையலாம், கோலமாகப் போடலாம். கட்சி நிறத்தை வேட்டிக் கரையிலேயே நெய்துவிட்டார்கள், அதற்கு மேல் ஊசி எதற்கு? வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டில் ஜெயலலிதா படம் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நடந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது ஊசி இல்லாத பேட்ஜ். எம்.ஜி.ஆர். இன்னும் ஒரு படி போய்க் கட்சிக்காரர்களைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். பேட்ஜைக் கழற்றலாம், பச்சையை என்ன செய்வது? கட்சிக்குள்ளேயே அதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ராயபுரம் ராபின்சன் பூங்கா, இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் கொட்டுகிற மழையில் நடந்தது அங்கேதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குத் தொழில் புத்தியில் ஒரே நினைப்பு: அந்த மழையில் காகிதத்தை மட்டும் குண்டூசியால் குத்தியிருந்தால் ஐந்து நிமிஷம் தாங்கியிருக்காது.

நம்மிடம் நிஜமாகவே வேரூன்றிய பேட்ஜ் ஒன்று உண்டு. அது கறுப்புப் பேட்ஜ். ஆசிரியர், அரசு ஊழியர், மருத்துவமனை ஊழியர், யாராக இருந்தாலும் போராட்டத்தின் முதல் கட்டமாகக் கறுப்புப் பேட்ஜ் அணிந்து வேலை பார்ப்பார்கள். படம் இல்லை, எழுத்து இல்லை, ஒரு துண்டுத் துணியும் ஒரு ஊக்கும். என் மெஷினுக்கு அதில் ஐந்து பைசா கிடையாது. ஆனாலும் அந்த 14 தலை பேட்ஜைவிட அது சத்தமாகப் பேசுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், ஓட்டுப்போடுகிற அன்றைக்குக் குத்திக்கொண்டு போய்விடாதீர்கள். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 130. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் தேர்தல் பற்றிய எந்த அடையாளத்தையும் காட்டக்கூடாது, மீறினால் 250 ரூபாய் வரை அபராதம். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்திலும் அரசியல் பேட்ஜோடு உள்ளே வராதே என்று சட்டம் இருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தள்ளிவிட்டது. 'அரசியல்' என்றால் எதுவரை என்று அந்தச் சட்டத்தில் தெளிவாக இல்லை என்பதுதான் காரணம். எனக்கு நம்ம 100 மீட்டர்தான் பிடித்திருக்கிறது. டேப் வைத்து அளந்துவிடலாம்.

இதோ, கீழே இரண்டு பை வைத்திருக்கிறேன், கேமராவைத் திருப்புகிறேன். ஒன்று ஒரு கட்சி, இன்னொன்று அதற்கு எதிர்க்கட்சி. இரண்டு ஆர்டரும் இதே தெருதான். கொடுத்த பையன்கள் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "அக்கா, அவனுக்கும் நீங்கள்தான் அடிக்கிறீர்களாமே" என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டார்கள். நியூவார்க் கம்பெனிக் கதையைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "அப்படியென்றால் எங்களுக்கு ரேட்டைக் குறையுங்கள்" என்றான்.

சரி, பின்பக்கம் இன்னும் 40 குறைகிறது. பாரிமுனையில் கடை மூடுவதற்குள் போய் வாங்கிவிட்டு வருகிறேன். இந்த மாடல் ஊசியை நல்ல கம்பியில் யார் விற்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், போன தடவை வாங்கியது குத்துவதற்குள் வளைந்துவிடுகிறது.