சாம்பியா செம்பில் பணம் போடும் முன்

பெரியவர்களே, தாய்மார்களே, வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் தம்பிமார்களே, வணக்கம். சாம்பியாவில் செம்புச் சுரங்கத்தில் பணம் போடலாமா என்று கூட்டம் தொடங்கும் முன்பே சிலர் கேட்டுவிட்டார்கள், நேராக அதற்கே வருகிறேன்.

செம்பு அங்கே ஏராளம். ஆப்பிரிக்காவில் காங்கோவுக்கு அடுத்தபடி அதிகம் எடுப்பது சாம்பியாதான். ஆனால் மண்ணில் கிடப்பது வேறு, கையில் வந்து சேர்வது வேறு என்பதை நாகர்கோவிலில் நின்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடிக் கடல் வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போனபின் மணவாளக்குறிச்சிக் கரையில் கனமான கருமணல் பட்டை பட்டையாக ஒதுங்கிக் கிடக்குமே, அதில் தோரியம் அடங்கிய மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது, இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான். அதிலிருந்து எடுத்த தோரியம் ஐரோப்பாவின் கேஸ் விளக்கு மேன்டிலுக்குப் போனது. மணல் வாரியவருக்கு மிஞ்சியது கூலி.

சரி, சாம்பியா. கடற்கரையே இல்லாத நாடு. அங்குள்ள கபிரி ம்போஷி என்ற ஊரிலிருந்து தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ரயிலில் 1860 கிலோமீட்டர். அடுத்தது மின்சாரம். அங்குள்ள கொங்கோலா என்ற செம்புச் சுரங்கத்தில் ஊறும் தண்ணீரே நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கோடி லிட்டர், அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆள் உள்ளே இறங்க முடியும். அந்த நாட்டு மின்சாரமோ பெரும்பாலும் அணையை நம்பியது, 2024 வறட்சியில் கரிபா அணை வற்றியபோது நாடே இருட்டில் தவித்தது.

அப்புறம் அரசாங்கம். அதே கொங்கோலா சுரங்கத்தை நடத்தும் நிறுவனத்தை வேதாந்தா 2004இல் வாங்கியது, 2019இல் சாம்பியா அரசு அதைக் கலைப்பதற்கு ஆள் நியமித்தது, மறுபடி வேதாந்தா கைக்கு வர 2024 ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஐந்து வருஷம் என்றால், பி.எஃப். பணத்தையும் வீட்டுக்காரியின் நகையையும் வைத்து இறங்குகிறவர் என்ன ஆவார்?

ஆற்றையும் கணக்கில் வையுங்கள். 2025 பிப்ரவரியில் சாம்பிஷி பக்கம் ஒரு சுரங்கக் கழிவு அணை உடைந்து, அமிலம் கலந்த தண்ணீர் காஃபுவே ஆற்றில் இறங்கியது, கிட்வே நகரத்துக்குக் குடிநீரையே நிறுத்த வேண்டி வந்தது. மீன் செத்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர் எதிர்த்து நிற்கத்தான் செய்வார், நிற்கவும் வேண்டும். அந்த மக்களைக் கேட்காமல் போடும் முதலீட்டை நான் முதலீடு என்றே சொல்ல மாட்டேன்.

லைசென்ஸ் இருக்கிறது என்று எவராவது வாட்ஸ்அப்பில் பேப்பர் அனுப்பினால், சாம்பியா அரசின் சுரங்கப் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, லைசென்ஸ் எண், உரிமையாளர் பெயர், காலாவதி தேதி மூன்றையும் அதில் ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் அந்த ஆளோடு பேச்சே வேண்டாம். பம்ப் பழுதுபார்ப்பது, கனரக வண்டி, வெல்டிங் தெரிந்த தம்பிமார்களுக்குச் சுரங்கத்தைவிட, சுரங்கத்துக்கு வேலை செய்து கொடுக்கும் தொழிலே தோது என்பது என் கருத்து. இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.