இரவு 2 மணி இருமல்

(குழந்தைகளின் ஆஸ்துமா பற்றிப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் குழந்தை மருத்துவர் ஆற்றிய உரை)

தாய்மார்களே, தந்தையரே, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பாட்டிமார்களே, வணக்கம்.

இளைப்பு பெரும்பாலும் இரவில்தான் முற்றும். நான் குழந்தையைப் பார்ப்பதோ பகல் 11 மணிக்கு. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். “எப்படி இருக்கிறான்?” என்று கேட்பேன். “பரவாயில்லை டாக்டர்” என்பீர்கள். முந்தாநாள் இரவு 2 மணிக்கு அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியது அந்தப் ‘பரவாயில்லை’க்குள் மறைந்துவிடும்.

ஆகவே எழுதி வையுங்கள். இரவில் இருமி எழுந்தானா, இளைக்கும்போது உடனே தணிக்கும் நீல இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, விளையாட்டைப் பாதியில் விட்டு வந்தானா? இவ்வளவு போதும். 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 7 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. அதில் முதல் 4 கேள்விகளுக்குக் குழந்தையே பதில் சொல்ல வேண்டும். குறுக்கே புகுந்து நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். தன் மூச்சு அவனுக்குத் தெரியும். மொத்தம் 27 மதிப்பெண். 19 அல்லது அதற்குக் குறைவு என்றால் நோய் கட்டுக்குள் இல்லை.

ஒரு தாய் காலண்டர் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு வந்தார். இருமிய இரவுகளில் பெரும்பாலானவை வெள்ளிக்கிழமைகள். அன்று மாலைதோறும் வீட்டில் சாம்பிராணி போடுவார்களாம். நான் எத்தனை கேள்வி கேட்டும் வெளிவராத செய்தி அது.

ஆனால் குறிப்பேடு பொய்யும் சொல்லும். 1996இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுள்ள 24 குழந்தைகளின் இன்ஹேலர்களில் மின்னணுக் கருவி பொருத்திக் கணக்கெடுத்தார்கள். தினமும் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு மருந்தை ஏறத்தாழ 95 சதவீதம் எடுத்ததாகக் குறிப்பேடு சொன்னது. கருவி காட்டியது சுமார் 58. நோய் முற்றி, வாய்வழி ஸ்டீராய்டு வரை போன குழந்தைகளிடமோ அது 14 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. குறிப்பேட்டை மட்டும் நம்பும் மருத்துவர் என்ன செய்வார்? மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். எடுக்காத மருந்தை எவ்வளவு கூட்டினாலும் குழந்தைக்கு என்ன பயன்?

இதற்குப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருந்து எடுக்காத நாளின் காலிக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் மருத்துவரிடம் யார் உண்மையை எழுதுவார்கள்? நானும் அப்படிச் சுளித்திருக்கிறேன். அது என் தவறு. வேலைக்குப் போகும் வீட்டில் காலை 7 மணிக்கு இன்ஹேலரோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரைத் தேடுவது எவ்வளவு பாடு என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற பயத்தில் நிறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். அது பழக்கப்படுத்தும் மருந்து அல்ல என்பதை உட்கார்ந்து பேசுவோம்.

மறந்த நாட்களின் கட்டத்தை வரும் வழியில் பஸ்ஸில் நிரப்ப வேண்டாம். காலியாகவே கொண்டுவாருங்கள். அங்கிருந்துதான் நான் கேட்கத் தொடங்குவேன்.